தை முதல் பங்குனி வரை ஒரு தொட்டி, ஒரு ஜாடி

தமிழ்நாட்டுச் சமையல் காணொளிகளைப் பார்த்து ஊறுகாய் போடும் கெடா வாசகர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே, ‘சித்திரை வெயிலில் மூன்று நாள் காய வையுங்கள்’ என்பார்கள். நம் ஊரில் சித்திரை பிறந்தால் பல நாள் மாலையில் இடியும் மழையும் வந்துவிடும். சுங்கை பட்டாணியில் அந்த மாதம் வற்றல் காயப்போட்டவர் நாலு மணிக்கெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

நமக்கு வெயில் காலம் என்பது தை, மாசி, பங்குனி. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு பக்கமே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம்மிடம் வரும்போது வறண்டு போயிருக்கும். கெடாவும் பெர்லிஸும் ஆண்டுதோறும் இந்த மாதங்களில் காய்வதற்கு அதுதான் காரணம். எல் நினோவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2016 மார்ச்சில் பெர்லிஸ் பள்ளிகளோடு நம் பெண்டாங், குபாங் பாசு மாவட்டப் பள்ளிகளையும் வெப்பத்துக்காக இரண்டு நாள் மூடினார்கள். 2024 மார்ச்சில் பொக்கோக் சேனா இரண்டாம் நிலை எச்சரிக்கையைத் தொட்டது. தொடர்ந்து மூன்று நாள் 37 டிகிரிக்கு மேல் போனால்தான் அந்த நிலையை அறிவிப்பார்கள்.

இந்த மாதிரி வெயிலில் காய்கறி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றிருந்த ஒரு தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த வாரம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பேசுவோம்.

இலை உதிர்ந்தால் சம்பளமும் உதிரும்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்று மாதம் என்றாலே இலையுதிர் காலம்தான் நினைவுக்கு வரும். ரப்பர் மரங்களின் இலை சிவந்து, பழுத்து, ஒரே வாரத்தில் தரையில் கிடக்கும். இலை இல்லாத மரம் பால் தராது. தந்தாலும் வாளியின் அடிதான் நனையும். என் அம்மா பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டு பால்வெட்டு வேலை செய்தவர். எடைக்குக் கூலி. பால் குறைந்தால் சம்பளம் குறையும். கடை பாக்கி குறையாது. சில தோட்டங்களில் புதுத் துளிர் முற்றும்வரை வெட்டையே நிறுத்திவிட்டு, கிடைத்த நாட்களுக்குக் களையெடுப்பு வேலை கொடுப்பார்கள்.

ஆகவே லயத்து வீட்டுக் கொல்லையில் இருந்த தோட்டத்தைப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பால் குறையும் மாதங்களுக்காக முன்கூட்டியே போட்டு வைத்த சேமிப்பு அது. கார்த்திகை மழையில் விதை போட்டால் தையில் வெண்டையும் கத்தரியும் காய்த்துக்கொண்டிருக்கும். மாசியில் மாமரம் பிஞ்சு உதிர்க்கும். அதே மாசியில் வெயிலும் உறைக்கும். பால் மரத்தைக் காய வைத்த வெயிலே மாங்காயையும் மிளகாயையும் வற்றலாக்கிக் கொடுத்தது. வடக்கு மாநிலங்களில் மாமரம் நன்றாகக் காய்ப்பதற்கே இந்த வறட்சிதான் காரணம். தொடர்ந்து சில வாரம் மழை இல்லாவிட்டால்தான் மா நன்றாகப் பூக்கும். பெர்லிஸ் ஹாருமானிஸ் பேர் வாங்கியதும் அப்படித்தான்.

அம்மாவுக்கு முந்திய தலைமுறை இதைவிடக் கடுமையாகப் படித்தது. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பாட்டிமார் சொல்வார்களே, அப்போது ரப்பரை வாங்க ஆளில்லை. 1943 அக்டோபரில் கெடாவை ஜப்பானியர் சியாமிடம் ஒப்படைத்தார்கள். நாட்டின் நெற்களஞ்சியம் என்ற பெயர் கொண்ட மாநிலத்தில் இருந்துகொண்டு தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் வள்ளிக்கீரையையும் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள். பின்னர் 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்து, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள் என்று நாடு முழுவதும் சொன்னார். லயத்துப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாயின. நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது வீட்டுக்கு இழப்பீடு பேசினார்கள். கொல்லையில் நின்ற முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போன பல குடும்பங்கள் அன்று முதல் கறிவேப்பிலையையும் காசு கொடுத்து வாங்குகின்றன.

பூ கொட்டுவது ஏன்?

என் பக்கத்து வீட்டுத் தம்பி கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் பொறியியலாளர். போன வாரம் வேலி ஓரம் வந்து நின்றார்.

“அக்கா, மிளகாச் செடி நல்லா பூக்குது. ஆனா எல்லாப் பூவும் கொட்டிப் போயிடுது. உரம் பத்தலையா?”

“தொட்டிய எங்க வெச்சிருக்கீங்க தம்பி?”

“கேட் பக்கத்துல, சிமெண்டு மேல. வெயில் நல்லா படணும்னுதான்.”

பிரச்சினை உரத்தில் இல்லை, சிமெண்டில்தான். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாயின் மகரந்தம் வலுவிழக்கும்; பூ காயாகாமல் கொட்டும். கறுப்புப் பாலித்தீன் பையும் சூடேறிய சிமெண்டும் சேர்ந்து வேரை வேக வைத்துவிடும். இந்த நேரத்தில் உரத்தைக் கூட்டினால் இலைதான் தழைக்கும். தம்பியிடம் மூன்று வேலை சொன்னேன். காலை வெயில் பதினொரு மணி வரை படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுவது; அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்குவது; பையை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் மட்டையைத் திணிப்பது. காசு செலவில்லாத வேலைகள்தான்.

இன்னும் சில குறிப்புகள்:

மூடாக்கு: செடியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் சிறிது இடம் விடவும். தோட்டத்தில் உதிர்ந்த ரப்பர் இலையை அம்மா சாக்கில் அள்ளி வருவார். இன்று அது கிடைக்காதவர்கள் வைக்கோலோ உமியோ போடலாம். நெல் ஆலை இருக்கும் கெடாவில் உமிக்குப் பஞ்சமில்லை. மூடாக்கு போட்ட மண் மாலை வரை ஈரம் காக்கும்.

தண்ணீர்: காலை எட்டு மணிக்குள் வேரில் நிறைய ஊற்றுங்கள். மாலையில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் மறுபடி ஊற்றுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் போதும். சோப்பு கலந்த நீரும் உப்பு நீரும் வேண்டாம். தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியைத் துணியோ மூடியோ போட்டு இறுக மூடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். செடிக்கு வைத்த தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர்ந்தால் கத்தரிக்காயோடு டிங்கியும் வரும்.

பூச்சி: வறண்ட நாட்களில் மிளகாய் இலை சுருள்வதற்குப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பூச்சியும் இலைப்பேனுமே காரணம். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால் மாலையில் தெளியுங்கள். நண்பகலில் தெளித்தால் இலை கருகும்.

எதைப் போடுவது: வெண்டை, கத்தரி, பயற்றங்காய், பாயாம் கீரை, வள்ளிக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை. இவை வெயிலுக்குப் பழகியவை. கீரை ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். வெண்டை ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். தக்காளியையும் கோஸையும் கேமரன் மலைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

அம்மாவின் கைப்பிடி எத்தனை கிராம்?

தாமான் வீட்டில் ஒரு தொட்டி மிளகாய் காய்த்தால் ஒரே நேரத்தில் காய்க்கும். மாமரம் இருக்கிற உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்தால் ஒரு சாக்கு மாங்காய் வரும். தின்று தீர்க்க முடியாததைப் பாதுகாக்கும் வழிதான் ஊறுகாய். நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் இதே மாங்காயைச் சீனியும் உப்பும் சேர்த்து ஜெருக் போடுகிறார்கள். நாம் எண்ணெயும் மிளகாயும் சேர்க்கிறோம். உப்பு இல்லாமல் இரண்டும் இல்லை.

அம்மாவிடம் அளவு கேட்டால், “கையளவு போடும்மா, மாங்கா சொல்லும்” என்பார். மாங்காய் அவருக்குச் சொல்லும், நமக்குச் சொல்லாது. அதனால் போன மாசியில் அவர் அள்ளிய ஒவ்வொரு கைப்பிடியையும் ஜாடியில் விழுவதற்கு முன் தராசில் வாங்கினேன். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு மூன்று கைப்பிடி கல்லுப்பு. மூன்றும் சேர்ந்து 150 கிராமை ஒட்டி நின்றது. மூன்று முறை வேறு வேறு நாளில் நிறுத்துப் பார்த்தேன். ஐந்து பத்து கிராமுக்கு மேல் மாறவில்லை. அந்த அளவில் உங்களுக்கும் தருகிறேன்.

நார் கட்டாத, புளிப்பான பச்சை மாங்காய் ஒரு கிலோ. கழுவி, துணியால் துடைத்து, ஈரமே இல்லாமல் காய்ந்த பிறகு வெட்டுங்கள். 150 கிராம் கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, காலையும் மாலையும் குலுக்கி இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாள் துண்டுகளை மட்டும் எடுத்து ஒரு நாள் வெயிலில் காய வைத்து, ஊறிய நீரிலேயே திரும்பப் போடுங்கள். 80 கிராம் மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, கடுகு இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் பெருங்காயம். கால் லிட்டர் நல்லெண்ணெயைக் காய்ச்சி, முழுதும் ஆறிய பின் ஊற்றுங்கள். துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தால் இன்னும் காய்ச்சி ஆற வைத்து ஊற்றலாம். பத்து நாளில் ஊறிவிடும்.

இது கெடாமல் இருப்பதன் விவரம் எளிது. உப்பு மாங்காயின் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. கிருமிக்குப் பயன்படும் நீர் குறைகிறது. மாங்காயின் புளிப்பு மீதிக் கிருமிகளை அடக்குகிறது. பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும். மேலே நிற்கும் எண்ணெய் அந்தக் காற்றைத் தடுக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஜாடி கெடும். ‘உப்பைப் பாதியாகக் குறைத்துப் போடலாமா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: போடலாம், ஆனால் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரத்தில் முடித்துவிட வேண்டும். ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் எந்த ஊறுகாயும் நிற்காது. பூஞ்சணம் வந்துவிட்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது ஆபத்து. பூண்டில் புளிப்பு இல்லை. காற்றில்லாத எண்ணெய்க்குள் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். பூண்டு ஊறுகாய் என்றால் எலுமிச்சைச் சாறோ புளியோ காடியோ தாராளமாகச் சேர்த்து, குளிர்பெட்டியில் வையுங்கள்.

மோர்மிளகாய்க்கு வெயில் இன்னும் நீளமாக வேண்டும். அரை கிலோ மிளகாயைக் காம்போடு கீறி, 60 கிராம் உப்பு கலந்த கெட்டியான புளித்த மோரில் ஓர் இரவு ஊற விடுங்கள். பகலில் மிளகாய் வெயிலில். இரவில் மறுபடி மோரில். நாலைந்து நாளில் மோர் முழுதும் மிளகாய்க்குள் போய்விடும். அதற்குப் பிறகு கையில் அள்ளினால் சலசலக்கும்வரை காய்ச்சல் போதும். வண்டித் தூசும் ஈயும் படாமல் மெல்லிய வலைத்துணி கட்டுங்கள். எங்கள் வீட்டில் முற்றம் இல்லை. அம்மா தட்டை என் காரின் கூரைமேல் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாதே என்று எனக்குக் கட்டளை.

கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகர்களுக்கு நம் அளவு வெயில் கிடைப்பதில்லை. அங்கே பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை சற்றுக் குறையும். வற்றல் வேலையை அந்த வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வைக்கு ஏற்ற உப்பு

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தி பாதிதான். விடியற்காலையில் இருட்டோடு எழுந்து, மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, பால் சுமந்து நடந்த உடம்புக்கு ஒரு நாளில் எவ்வளவு உப்பு வியர்வையாகப் போயிருக்கும்! அந்த உடம்புக்குப் பழைய சோறும் ஒரு துண்டு மாங்காயும் பொருத்தம். குளிர்சாதன அறையில் எட்டு மணி நேரம் உட்காரும் நமக்கு அதே அளவு பொருந்தாது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டிதான். மேலே சொன்ன ஊறுகாயில் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் பத்து கிராம் எடுத்தால், அதில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. நாளின் பங்கில் ஐந்தில் ஒன்று ஒரே வாயில் போய்விட்டது. நம் நாட்டில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அதனால் ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே வைத்துக்கொள்வோம். குழம்புக்குப் பதிலாகப் பிசைந்து சாப்பிட வேண்டாம். ஊறுகாய் வைக்கும் நாளில் அப்பளத்தையும் கருவாட்டையும் தள்ளி வையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

அம்மாவுக்கும் இப்போது இரத்த அழுத்த மாத்திரை உண்டு. ஆண்டுக்கு நாலு ஜாடி போடுகிறார். நுனி நாக்கில் வைத்து உப்பு பார்ப்பதோடு சரி. மீதி எல்லாம் எங்களுக்கும், தாமானில் கேட்பவர்களுக்கும் போகிறது. “நான் சாப்பிடாட்டி என்ன, போடத் தெரிஞ்சவ போடணும்ல” என்கிறார்.

இந்த மாதம் முடிவதற்குள்

அவர் வயதில் உள்ள பெண்கள் நம் வீடுகளில் இன்னும் எத்தனை மாசி மாதம் ஜாடியின் முன் உட்காருவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். லயமும் கொல்லையும் போய்விட்டன. அந்த மண்ணை நாம் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் எந்த மாதம் விதை போடுவது, எந்தச் சருகை அள்ளுவது, ஒரு கைப்பிடி என்றால் எவ்வளவு என்பதெல்லாம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது. காகிதத்தில் எழுதி வைக்கவில்லை, கையில் வைத்திருக்கிறார்கள். கேட்காவிட்டால் அதுவும் போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள், ஹார்வர்ட்டோ டப்ளினோ, உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்திருந்தாலும், ஒரு சமையல் தராசை எடுத்துக்கொண்டு போங்கள். இருபது, முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். அவர் அள்ளும்போது நிறுங்கள், எழுதுங்கள், தேதி போடுங்கள். எந்த மரத்து மாங்காய், எத்தனை நாள் வெயில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பங்குனி முடிய இன்னும் வாரங்கள் இருக்கின்றன; ஒரு ஜாடிக்கு அது தாராளம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் சன்னல் ஓரம் காலை வெயில் விழுந்தால் ஒரு தொட்டி கீரைக்கும் ஒரு மிளகாய்ச் செடிக்கும் இடம் உண்டு.

பக்கத்து வீட்டுத் தம்பியின் செடியில் பிஞ்சு பிடித்திருக்கிறது. ஏழு எண்ணினாராம். மோர்மிளகாய்க்கு எத்தனை வேண்டும் என்று கேட்டார். இன்னும் நிறைய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம்: சமையலறைக் கழிவில் நாற்றமில்லாமல் உரம் தயாரிப்பது எப்படி என்று பார்ப்போம்.